வீட்டில் எண் பேசக்கூடாது

பிப்ரவரி 3

காலையில் அண்ணி, என் புருஷனோட அக்கா, கீழ்வீட்டிலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னைக்குப் பால் எத்தனை பாக்கெட் வாங்கட்டும்?" நான் பதில் சொல்வதற்குள் குளியலறைக்குள்ளிருந்து இவன் கத்தினான். "எண் சொல்லாதே கணக்கு! விதி!" அண்ணிக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் படிச்சுப் படிச்சே மறை கழண்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, தன் இஷ்டத்துக்கு வாங்கி வந்து படியில் வைத்துவிட்டுப் போனார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் குரலுக்குத் தெருவே பிரேக் போடும். தம்பி மட்டும் போடமாட்டான்.

விதி பாலுக்கு இல்லை, எங்கள் வேலைக்கு. ஒரே கேள்விக்கு இவன் ஆய்வகத்தில் அளந்து விடை தேடுகிறான், நான் கணினியில் கணக்குப் போட்டுத் தேடுகிறேன். அதனால் நான் இவனுக்குக் 'கணக்கு', ஒளியோடு மல்லுக்கட்டுகிற இவன் எனக்குப் 'பல்பு'. இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. ஒருவர் விடை இன்னொருவர் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அது இரண்டு சாட்சி இல்லை, ஒரே சாட்சி இரண்டு தடவை பேசுவது. வேறு வேறு ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சுலபம். நாங்கள் ஒரே பற்பசையைப் பிதுக்குகிறவர்கள். அதனால் வேலை முடிகிறவரை வீட்டில் எண் பேசக்கூடாது. ஏறுது, இறங்குது, நிக்குது, எதுவும் கூடாது.

ஜூனோடு இவன் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாக இருக்கிறது, மே மாதம் நேர்காணல். வயது வரம்பும் இந்த வருஷத்தோடு சரி. இதுவும் போனால் இவன் இந்தத் துறையை விட்டே போக வேண்டியதுதான். விதியைப் பற்றி விளையாட்டாகப் பேசிக்கொள்கிறோம். உள்ளுக்குள் விளையாட்டு இல்லை.

பிப்ரவரி 8

அண்ணி டீயோடு மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். "அப்படி என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பார்ப்போம்."

அவர் பாஷையிலேயே சொன்னேன். ஒரு குறுகலான தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி இன்னொன்றைத் தாண்ட முடியாது. ஓர் இடத்தில் ஒரு வண்டிதான் நிற்கலாம். ஃபெர்மியான் என்று பேர் வைத்திருக்கிறோமே, அந்த ரகத்துக்கு அதுதான் குணம். இவன் ஒளியாலேயே அப்படி ஒரு தெரு கட்டி, அதில் ஒன்று விட்டு ஒன்று அணுக்களை நிறுத்துகிறான். பிறகு சட்டென்று எல்லா வண்டிக்கும் கைப்பிரேக்கை எடுத்துவிடுகிறான். நிம்மதியாக நின்றவை எல்லாம் அலைய ஆரம்பிக்கும். அலைய அலைய, தெருவின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். அதற்குப் பேர்தான் குவாண்டம் பின்னல். அப்புறம் இடப்பாதியை மட்டும் எடுத்து 'இது இப்படி இருக்கிறது' என்று முழுசாகச் சொல்ல முடியாது. வலப்பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்டு.

"குடும்பம்னு சொல்லு" என்றார் அண்ணி.

சிரித்துவிட்டேன். கேள்வி இதற்கு மேல்தான் வருகிறது என்றேன். தெருவை மேடும் பள்ளமுமாக ஆக்கிவிட்டால் வண்டிகள் கொஞ்ச நேரத்தில் அங்கங்கே சிக்கிக்கொள்ளும். அதில் சண்டை இல்லை. ஆனால் பின்னல்? வண்டிகள் சிக்கிக்கொண்ட பிறகும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருப்பதால், பின்னல் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து ஏறிக்கொண்டே போகும் என்கிறார்கள் முக்கால்வாசிப் பேர். உங்கள் தம்பி, அதுவும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்கிறான்.

"அவன் பொறந்ததுலேர்ந்தே எதிர்ப்பேச்சுதான்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நிக்கட்டும். அவனும் ஒரு இடத்துல நிக்கட்டும்."

பிப்ரவரி 14

இன்றும் என் வேலை பொதுக் கணினியின் வரிசையில்தான் நிற்கிறது. வானிலைக்காரர்கள் மொத்தக் கணினியையும் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள் போல.

பிப்ரவரி 21

நிற்கிறது!

பின்னலின் கோடு ஏறி, வளைந்து, அப்படியே தட்டையாகிவிட்டது. முதலில் நம்பவில்லை. இந்த மாதிரிக் கணக்கில் ஒரு பொறி உண்டு. கணினியால் பின்னலை முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. இழை இழையாகப் பிரித்து, கனத்த இழைகளை வைத்துக்கொண்டு மெல்லியவற்றை வெட்டிப் போட்டுவிடும். எத்தனை இழை வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஓர் உச்சவரம்பு கொடுக்க வேண்டும். பின்னல் அந்த வரம்பில் போய் முட்டினாலும் கோடு தட்டையாகத்தான் தெரியும். சமையலறைத் தராசில் மூட்டையை வைத்தால் முள் கடைசிக் கோட்டில் போய் நிற்குமே, அந்த மாதிரி. அதனால் வரம்பை இரண்டு மடங்காக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஓட்டினேன். அச்சு அசல் அதே கோடு.

இவன் எதிரே உட்கார்ந்து முட்டை ஓடு உரித்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். "வெளியே என்ன தெரியுது?" என்றான். "ஒண்ணுமில்லை" என்றேன். "ஒண்ணு ஒரு எண்" என்றான். கிறுக்கன்.

பிப்ரவரி 26

சாயங்காலம் வந்தவன் உள்ளே வரவில்லை. ஷூவோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாதிப் படம் மங்கல்" என்றான். இவன் வேலையே படம் எடுப்பதுதான். ஒரே மாதிரி ஆரம்பித்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் நடுக்கோட்டைத் தாண்டியது எத்தனை என்று படத்தைப் பார்த்து எண்ண வேண்டும். அந்த எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதில்தான் பின்னலின் கதை இருக்கிறது. நேரம் ஆக ஆக அணுக்கள் ஒழுகிப் போகும், படம் கலங்கும். "ஒரு புள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே தெரியல. எதை வச்சுக்கிறது, எதைத் தூக்கிப் போடறது? விட்டுடலாம் கணக்கு. அக்காகூட சேர்ந்து நானும் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறேன்."

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் குரல் உடைந்துவிட்டது. பதினாறு வயதுப் பையன் மாதிரி மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குத் தாங்கவில்லை.

"நிக்குது பல்பு" என்றேன்.

அவ்வளவுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீ சொல்லியிருக்கக் கூடாது" என்றான். ஆனால் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான்.

ஒரு வார்த்தைதானே. எண் கூட இல்லை. அவன் எப்படியும் படத்தைப் பார்த்துத்தானே எண்ணப் போகிறான்?

மார்ச் 1

குளியலறையில் சீழ்க்கை அடிக்கிறான். மாதக்கணக்காகக் கேட்காத சத்தம்.

மார்ச் 17

இன்று விதி முடிந்தது. துறைத்தலைவர் அறையில் இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். அவனுடையது புள்ளிகள், என்னுடையது கோடு. புள்ளிகள் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. ஏறி, வளைந்து, தட்டை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது பெரிய விஷயம்" என்றார். அவர் வாயில் அந்த மாதிரி வார்த்தை வருவது மழைக்காலத்தில் துணி காய்வது போல.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னதும் அவர் இவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். "இத்தனை நாள் என் உயிரை வாங்கினதுக்கு." பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் மாடிப்படியிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். இவன் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஏப்ரல் 3

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. இவனோடு இன்னும் இரண்டு பேர். தலைவர் சாடைமாடையாக, "தைரியமா இருங்க" என்றாராம்.

கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். 'ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாகச் செய்த அளவீடும் கணக்கும்' என்று முதல் பத்தியில் எழுதியிருக்கிறான். அந்த இடம் வந்ததும் எனக்கு என்னவோ நெருடியது. மாடிப்படி நினைவுக்கு வந்தது. சின்ன விஷயம். விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 11

கட்டுரைக்கு அட்டவணை தயார் செய்துகொண்டிருந்தேன். உச்சவரம்பு ஒரு மடங்கில் வந்த எண்கள் ஒரு பத்தியில், இரண்டு மடங்கில் வந்த எண்கள் பக்கத்துப் பத்தியில். இரண்டும் ஒத்துப்போகின்றன. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகின்றன.

கடைசி இலக்கம் வரை எப்படி ஒத்துப்போகும்?

வரம்பு மாறினால் வெட்டிப் போடுகிற இழைகள் மாறும். முதல் சில இலக்கங்கள் ஒத்துப்போனால் நல்ல கணக்கு. கடைசி இலக்கமும் ஒத்துப்போனால் — இரண்டும் ஒரே கணக்கு.

வரம்பை மாற்றினேன். மாற்றிய இடத்தை நிரல் படிக்கவே இல்லை. போன வருஷம் நானே வேறொரு இடத்தில் எழுதி வைத்த பழைய வரம்பைத்தான் இரண்டு தடவையும் படித்திருக்கிறது. ஒரே தராசில் இரண்டு தடவை நிறுத்துவிட்டு, ரெண்டு தராசும் ஒண்ணா காட்டுதுன்னு குதிச்சிருக்கேன்.

ஏப்ரல் 12

தப்பாகப் பார்த்திருப்பேனோ என்று மறுபடி பார்த்தேன். தப்பாகப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16

உண்மையான இரண்டு மடங்கில் ஓட்டினேன். கோடு பழைய இடத்தில் நிற்கவில்லை. தாண்டி ஏறி, கொஞ்சம் மேலே போய், அங்கே தட்டையாகிறது.

இவன் பக்கத்து அறையில் நேர்காணல் பேச்சைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இந்தப் பின்னல் நின்றுவிடுகிறது" என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஏற்ற இறக்கத்தில் சொல்கிறான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 20

நான்கு மடங்கு. இன்னும் மேலே போய் அங்கே தட்டையாகிறது. எட்டு மடங்குக்குக் கணினி இடம் போதாது என்று சொல்லிவிட்டது. ஒவ்வொரு மடங்குக்கும் வேலை மட்டுமீறிப் பெருகுகிறது, கிடைப்பதோ கொஞ்சூண்டு கூடுதல் நேரம். இந்தக் கணினி இல்லை, எந்தக் கணினி வந்தாலும் இதே கதைதான், கொஞ்சம் தள்ளிப் போய் முட்டிக்கொள்ளும்.

ஏறிக்கொண்டே போகிறது என்று நிரூபித்துவிட்டேனா? இல்லை. பத்து மடங்கில் நின்றிருக்கலாம். நூறு மடங்கில் நின்றிருக்கலாம். நிற்காமலே போகலாம். கணக்கை நம்பக்கூடிய அந்த நேரத்துக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான். தெரியாது என்பதற்கு ஒரு கோடு கூடக் கிடையாது, வெறும் தாள்தான்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? தலைவரிடம் போவதற்கு முன் அவனிடம்தானே சொல்ல வேண்டும். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். "காலர் சரியா இருக்கா?" என்று கேட்டான். இருக்கு என்றேன்.

ஏப்ரல் 22

சொல்லிவிட்டேன். பூங்காவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

செருப்பால் காலடி மண்ணைக் கீறினான். பிறகு என் கையைப் பிடித்தான். எனக்கு ஆறுதல் சொன்னான்! "பரவாயில்லை விடு. யாருக்கும் நடக்கிறதுதான். உன் கோட்டை எடுத்துடுவோம். என் புள்ளிங்க இருக்கே, அது போதும்."

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

"மங்கல் படத்தையெல்லாம் எப்போ பிரிச்சே?" என்று கேட்டேன்.

"எப்போன்னா?"

"நான் அன்னைக்குப் படியில சொன்னதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

கையை எடுத்துக்கொண்டான். "அப்புறம்தான். அதனால? நான் படத்தைப் பார்த்துத்தான் பிரிச்சேன். நேரத்தை மறைச்சு வச்சுத்தான் பிரிச்சேன். முறையா பண்ணினேன்."

"பின்னாடி எடுத்த படம்தானே மங்கலா இருக்கும். மறைச்சாலும் உன் கண்ணுக்குத் தெரியாதா, இது கடைசி நேரத்துப் படம்னு?"

"நீ சொன்னதுக்காக நான் படத்தைத் தூக்கிப் போட்டேன்னு சொல்றியா? என்னைத் திருடன்ங்கிறியா?"

இல்லை என்றேன். திருடன் இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவன் திருடன், சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். இவன் நல்லவன். பின்னல் இன்னும் ஏறுகிறது என்று காட்டுகிற மாதிரி, நடுக்கோட்டைத் தாண்டித் தெரிந்த புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் 'இது மங்கல்' என்று மனசார நம்பியிருப்பான். அதுதான் பயமாக இருக்கிறது. அவன் கண் எங்கே முடிகிறது, என் வார்த்தை எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது.

திரும்பி நடக்கும்போது முன்னால் போனான். நான் பின்னால்.

ஏப்ரல் 23

பேசவில்லை.

ஏப்ரல் 27

"நீயே பாரு" என்று மடிக்கணினியை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் ஒதுக்கிய படங்கள் முழுவதும்.

நாள் முழுக்கப் பார்த்தேன். கறுப்புத் தாளில் கசிந்த வெள்ளைப் புள்ளிகள். முதலில் எல்லாமே நடுக்கோட்டைத் தாண்டியிருப்பது போல் இருந்தது. அடப்பாவி, இதையெல்லாம் எப்படி ஒதுக்கினான் என்று கூட வந்தது. காபி குடித்துவிட்டு வந்து அதே படங்களை மறுபடி பார்த்தேன். இப்போது பாதி தாண்டவில்லை. அப்புறம்தான் உறைத்தது — நான் எதைத் தேடுகிறேனோ அதுதான் எனக்கும் தெரிகிறது. அவன் மேல் குற்றம் இருந்தால் என் மனசாட்சிக்கு நல்லது, அதனால் குற்றமாகத் தெரிகிறது. அவன் மேல் பாசம் வந்தால் சரியாகத் தெரிகிறது.

கடவுளே, எங்க ரெண்டு பேர் கண்ணையும் வச்சு என்ன பண்றது?

மே 5

தலைவரிடம் போய் என் கணக்கு செல்லாது என்று சொல்லிவிட்டேன். இவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போ" என்றான், தலையைத் தூக்காமல்.

தலைவர் நல்லவர். "நேர்மையா வந்து சொன்னீங்க. உங்க பகுதியை எடுத்துடலாம். அவரோட அளவீடு தனியா நிக்கும்தானே?"

"அதை அவர்தான் சார் சொல்லணும்" என்றேன். வெளியே வந்து நடைவழியில் தண்ணீர் குடிக்கும் இடத்தில் நின்றேன். குடிக்கவில்லை. சும்மா நின்றேன். நிக்கும் என்று சொன்னால் பொய். நிக்காது என்று சொன்னால் அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாதவளாக இருப்பதற்கு ஒரு வேலை, அதற்கு ஒரு மேசை நாற்காலி.

மே 12

நேர்காணல் பேச்சு யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணியும் வந்திருந்தார், பயிற்சி வண்டியைக் கீழே குறுக்காக நிறுத்திவிட்டு.

நன்றாகப் பேசினான். என் கோடு இல்லாமல் புள்ளிகளை மட்டும் காட்டினான். முடிந்ததும் கைதட்டினார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பெண் நிபுணர், நரைத்த தலை, முன் வரிசை, மெல்லிய குரல், ஒரு கேள்வி கேட்டார்:

"மங்கலான படங்களைப் பிரிக்கும்போது, கணக்கு எப்படி வந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சாதாரணக் கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். இவன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். அண்ணி என் முழங்கையை இடித்து, "என்ன கேட்கறாங்க? ஏன் பேசாம நிக்கறான்?" என்றார். எழுந்து கத்தத் தோன்றியது, தெரியாதுன்னு சொல்லு பல்பு, நீ அப்படித்தானே நினைச்சே, அது பொய்யில்லையே.

"தெரியாதுன்னுதான் மேடம் நினைச்சிட்டிருந்தேன்" என்றான். "ஒரு வார்த்தை தெரியும்."

பிறகு அந்த வார்த்தையைச் சொன்னான். படியை, ஷூவை எல்லாம் சொல்லவில்லை. யார் சொன்னது என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்த நிபுணர் தலையை மெதுவாக ஆட்டி, நன்றி என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

அண்ணி வண்டியில்தான் திரும்பினோம். வீடு வந்து இறங்கும்போது இவன், "அன்னைக்கு நீ சும்மா இருந்திருக்கலாம் கணக்கு" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

மே 13

நான் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கே விட்டுவிட்டுப் போயிருப்பான். சொன்னதால் இப்போது போகிறான். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் இங்கேதானா வந்திருப்போம்? இதைக் கேட்டுக்கொண்டு என்ன பயன்.

மே 21

இடம் வேறொருவருக்கு.

ஜூன் 6

இவன் எல்லாப் படத்தையும் முதலிலிருந்து மறுபடி பார்க்கிறானாம். யாருக்காக என்று கேட்டேன். "அப்படியே விட்டுட்டுப் போக முடியல" என்றான்.

இந்தத் தடவை படங்களைக் குலுக்கிப் போட்டு, எது எந்த நேரத்துப் படம் என்கிற விவரத்தைப் பூட்டிவிட்டான். பூட்டுக்குக் கடவுச்சொல் அண்ணியிடம். அவருக்குத்தான் ஏறினாலும் ஒன்று, நின்றாலும் ஒன்று. கலங்கின படமும் கலங்காத படமும் நேரத்தைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க, நல்ல படங்கள் சிலவற்றின் நகலையும் வேண்டுமென்றே மங்கலாக்கி நடுநடுவே போட்டு வைத்திருக்கிறான். எங்களை வேறு பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு அண்ணி ஒற்றை விரலால் தட்டித் தட்டி வைத்தார். "நான் மட்டும்தான் இந்த வீட்ல நம்பிக்கையான ஆளு" என்று ஒரே பெருமை.

இன்னொன்றும் கவனித்தேன். முன்பு நல்லது, கெட்டது என்று இரண்டு பிரிவுதான். இப்போது மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறான். 'தெரியவில்லை'.

ஜூன் 19

சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்து பார்க்கிறான். பகலெல்லாம் ஒரே சத்தம், டிக், டிக். நான் கடந்து போகும்போது திரையைத் தாழ்த்திவிடுகிறான். சரிதான். நானும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் போகிறேன். பல வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். முதல் தடவையாக விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம்.

ஜூன் 27

பூட்டைத் திறக்க அண்ணியைக் கூப்பிட்டான். அண்ணிக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது!

லைசென்ஸ் எண் என்றார். இல்லை. வண்டி எண். இல்லை. "இருடா, இருடா, அவசரப்படுத்தாதே" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இவன் முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து தட்டினார். சின்ன வயசில் இவனைக் கூப்பிட்ட பட்டப்பேர். குண்டான். திறந்துகொண்டது. இவன் சிரித்தான், அண்ணியும் சிரித்தார், பிறகு அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

புள்ளிகளைப் போட்டான். ஆரம்பத்தில் எல்லாம் சுத்தம். ஏறுகிறது, வளைகிறது. அதற்கு மேல் 'தெரியவில்லை' கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு புள்ளியும் மேலும் கீழுமாக நீண்டு, கடைசியில் ஒரு அகலமான பட்டை. அதற்குள் தட்டையாக ஒரு கோடு போடலாம். ஏறுகிற மாதிரியும் ஒன்று போடலாம். இரண்டும் உள்ளே அடங்கும்.

"அவ்வளவுதான் தெரியுது" என்றான்.

"எனக்கும் அதுக்கு மேல தெரியல" என்றேன். என் கணக்கு நம்பும்படியாக இருக்கிற கடைசி நேரமும் கிட்டத்தட்ட அங்கேதான் வருகிறது. ரெண்டு பேரும் தனித்தனியாகப் போய் ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை நிஜமாகவே தனித்தனியாக. யாரிடம் போய்ப் பெருமைப்படுவது?

ஜூன் 30

ஆய்வகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். தன்னுடைய டீ கோப்பையை எடுத்து வர மறந்துவிட்டான். போய் எடுத்து வரவா என்றேன். வேண்டாம் என்றான்.

ஆகஸ்ட் 2

கட்டுரை சின்னதாக வரப்போகிறது. படத்தில் புள்ளிகளும் கோடும் ஓர் இடம் வரை. அதற்கு மேல் காலியாக விட்டிருக்கிறோம். அந்தக் காலி இடத்தை வெட்டிவிடலாமா என்று பதிப்பாசிரியர் கேட்டிருந்தார். இருக்கட்டும் என்று எழுதிவிட்டோம்.

செப்டம்பர் 9

இவன் மூக்குக்கண்ணாடி வில்லை செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நல்லதற்கு ஒரு தட்டு, கெட்டதற்கு ஒரு தட்டு. மூணாவது தட்டு வைக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டானாம். "தம்பி, கண்ணு தெரியலைன்னுதானே கண்ணாடி வாங்க வர்றாங்க. நீங்களும் தெரியலைன்னா எப்படி?" என்றாராம். அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினான். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான்.

எனக்கு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். வேறொரு முறையில், இழைகளை வெட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போக முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று முதல் ஓட்டம் முடிந்தது. பழைய சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

"ஏதோ வந்திருக்கு" என்றான்.

"ஒண்ணுமில்லை."

"ஏன் கணக்கு, எங்கிட்ட இப்போ சொல்லலாம்ல? நான்தான் வெளியாள் ஆயிட்டேனே."

சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு என் தட்டையும் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். தண்ணீர் குடித்தேன். பின்னாலேயே போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னேன். வரம்பு எவ்வளவு வைத்தேன், எந்த நேரம் வரை போனது, அங்கே எவ்வளவு வந்தது, எல்லா எண்ணும் சொன்னேன். அவன் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.